பள்ளங்கி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பஸ் ஏறியபோது காலை எட்டு மணி. நவம்பர் மஞ்சு இன்னும் கலையவில்லை. பஸ்ஸின் முகப்பு விளக்கு இரண்டும் மஞ்சள் பொட்டுகளாகத்தான் தெரிந்தன. கீழே இறங்குகிற வண்டி என்பதால் கூட்டம் இல்லை. காலிச் சாக்குக் கட்டோடு இரண்டு பேர், தலையோடு சேர்த்து மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர், நான். எதிரே ஏறி வந்த வண்டிகளோ நிறைந்து வந்தன. ஒரு ஜீப்பின் பின்பக்கம் முழுக்கப் புத்தகப் பைகள். சீருடைக்கு மேல் ஸ்வெட்டர், காதை மூடிய குல்லா. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துப் பாதிப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

பள்ளங்கிக்கு என்னை அனுப்பியது ஒரு கேள்வி. திண்டுக்கல்லில் என் மகள் படிக்கும் பள்ளியில் போன மாதம் பெற்றோர் கூட்டம். மாலையில் பள்ளி நேரத்தை ஒரு மணி நேரம் நீட்டலாம், அந்த நேரத்தில் சதுரங்கம், ஓவியம், சிலம்பம், ரோபோ வகுப்பு என்று பிள்ளைகள் விரும்புவதைக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வைத்தார்கள். நல்ல யோசனை. நானும் கை தூக்கினேன். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, “பஸ்ஸுல போற பிள்ளைங்க என்ன சார் பண்ணும்?” என்று கேட்டார். அவரவர்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று பதில் வந்தது. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

கூட்டம் முடிந்ததும் வெளியே அவரைத் தேடிப் பிடித்தேன். லாரி ஓட்டுகிறார். சொந்த ஊர் பள்ளங்கி. “இங்கயாவது பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி இருக்கு சார். எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு பஸ்ஸுதான் கடிகாரம். ஒரு நாள் போய்ப் பாருங்க” என்றார். அவருடைய அம்மாவும் அண்ணன் குடும்பமும் அங்கேதான் இருக்கிறார்கள். போன் செய்து சொல்லியும் வைத்துவிட்டார்.

அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழக வாசலைக் கடந்து, வில்பட்டி தாண்டியதும் சாலை மெலிந்தது. ஒரு பக்கம் பேரிக்காய் மரங்கள், மறுபக்கம் படிப்படியாக இறங்கும் காரட், பீன்ஸ் வயல்கள். ஒரு வளைவில் டிரைவர் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்துவிட்டார். ரோட்டின் நடுவே ஒரு காட்டுமாடு, வெள்ளைக் கால் உறை போட்டது போல முழங்காலுக்குக் கீழே வெளுத்து, நின்றுகொண்டிருந்தது. யாரும் பேசவில்லை. அது பாட்டுக்கு எஸ்டேட் வேலியோரம் நகர்ந்து மஞ்சில் மறைந்த பிறகுதான் வண்டி கிளம்பியது. இந்த ரோட்டில் இருட்டிய பிறகு ஒரு பிள்ளையைத் தனியாக நடக்கவிட முடியாது என்பது அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது.

பள்ளங்கியில் இறங்கியதும் முதலில் வந்தது வெண்பொங்கல் வாசனை. புதன்கிழமை. காலை உணவுத் திட்டத்தில் புதன் என்றால் பொங்கல். தட்டும் கையுமாகச் சின்னப் பிள்ளைகள். தாளித்த மிளகைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிற ஒரு பையன். அவனுக்கு இரண்டாம் முறை பரிமாற வந்த அக்கா. இந்தத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியபோது முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள். அதில் 237 பள்ளிகள் எளிதில் போய்வர முடியாத ஊர்களிலும் மலைகளிலும் இருந்தவை. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. சாப்பாட்டுத் திட்டமாகத்தான் இதை எல்லோரும் பேசுகிறோம். பள்ளிக்கூட நாள் எப்போது தொடங்குகிறது என்பதையும் அது மாற்றிவிட்டது. தோட்ட வேலைக்குப் போகிற அம்மா எட்டு மணிக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். பிள்ளை அவளோடு கிளம்பிப் பள்ளிக்கு வந்துவிடலாம், வந்த இடத்தில் சூடான சாப்பாடு இருக்கிறது. யாரும் சுற்றறிக்கை போட்டு நேரத்தை மாற்றவில்லை; அடுப்பு மாற்றியது. பள்ளி நேரத்தில் கை வைக்க நினைப்பவர்கள் எல்லோரும் இந்த அடுப்பின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டு வேலையும் பிழைப்பும் எந்த மணியில் ஓடுகின்றன என்று பார்த்துத் தொட்ட மாற்றம் இது.

லாரி ஓட்டுநரின் அம்மா வாசல் திண்ணையில் விதைப்பூண்டு பிரித்துக்கொண்டிருந்தார். “வாங்க தம்பி, மவன் சொன்னான்” என்று சொல்லிவிட்டு, நகர்ந்து சாக்கின் ஒரு முனையை எனக்கு விட்டுக்கொடுத்தார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு. ஒரு பூண்டை எடுத்து, உள்ளங்கையில் அழுத்தித் திருகினால் பற்கள் கழன்று விழும். வெளிப்பக்கத்துப் பருத்த பல் விதைக்கு, உள்ளே இருக்கிற ஒல்லிப் பல் சமையலுக்கு. நான் பத்துப் பூண்டு திருகுவதற்குள் என் கட்டைவிரல் காந்த ஆரம்பித்துவிட்டது. பாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

“நீங்க எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க பாட்டி?”

“நான் எங்க படிச்சேன். பள்ளிக்கூடம் இருந்தா மாடு யாரு மேய்க்கிறது? இந்தப் பூண்டுதான் எங்கூட ஒண்ணாப்புல இருந்து வருது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் வயதில் உள்ளவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில்தான், இந்த மாநிலத்தில் பள்ளி நாளின் மேல் நடந்த மிகப் பெரிய சண்டை நடந்தது. 1953 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்தார். காலை ஒரு தொகுதி, பிற்பகல் ஒரு தொகுதி. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். பணம் இல்லை, ஆசிரியர் இல்லை, கட்டடம் இல்லை. இருக்கிற இடத்தில் இரட்டிப்புப் பிள்ளைகளைச் சேர்க்க இதுதான் வழி என்று அரசு சொன்னது. நெசவாளி மகனுக்குத் தறி, சலவைத் தொழிலாளி மகனுக்குத் துறை என்று பிறப்பே பிற்பகலைத் தீர்மானிக்கிறது என்று பெரியார் கிளம்பினார். குலக்கல்வி என்ற பெயர் அந்தத் திட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ராஜாஜியின் கணக்கில் உண்மையான நெருக்கடி இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கைத்தொழில் கல்வியும் கெட்டதல்ல. இதே திண்டுக்கல் மாவட்டத்தில் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் ஆதாரக் கல்வி வழியில் நடந்ததுதான். ஆனால் அங்கே நூற்பும் தோட்ட வேலையும் பள்ளிக்குள்ளே, யார் வீட்டுப் பிள்ளையானாலும் எல்லோருக்கும் பொது. ராஜாஜி திட்டமோ பிள்ளையை வீட்டுக்கு அனுப்பி, வீடு எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கிக்கொள் என்றது. வீட்டில் இருப்பதையே திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு பிள்ளை பள்ளிக்கு வரத் தேவையில்லை. பூண்டு பிரிக்க இந்தப் பாட்டியின் பேத்திக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அன்று மத்தியானம் முழுவதும் அந்தத் திண்ணையில்தான் இருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் பார்த்ததும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழுரோட்டில் டீ குடித்துவிட்டு, கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியின் மதிலை ஒட்டி நடந்திருந்தேன். 1901-இல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக ஹைகிளெர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளி. 1976-இல் இன்டர்நேஷனல் பேக்கலூரியட் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது அதுதான். அந்தப் பாடத்திட்டத்தில் ஒரு விதி உண்டு. படைப்பு, உடல் சார்ந்த செயல்பாடு, சேவை மூன்றிலும் ஈடுபடாத மாணவருக்கு, தேர்வில் எவ்வளவு வாங்கியிருந்தாலும், டிப்ளமா கிடையாது. படம் வரைவதும் மலையேறுவதும் அங்கே பாடம் முடிந்த பிறகு கிடைக்கிற மிட்டாய் இல்லை. பாடமே அதுவும் சேர்ந்ததுதான். பெரும்பாலான பிள்ளைகள் விடுதியிலேயே தங்குகிறார்கள். நாலு மணிக்குப் பிறகும் அவர்களுக்கு நாள் மிச்சம் இருக்கிறது. பிடிக்க வேண்டிய பஸ் இல்லை.

அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு எந்தப் பொறாமையும் இல்லை. காட்டுக்குள் கூடாரம் அடித்துத் தங்கும் பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் வளரும். என் ஆதங்கம் வேறு. பள்ளி முடிந்த பிறகு கலை, விளையாட்டு என்று நாம் தீட்டுகிற திட்டங்கள் எல்லாம், பிள்ளை பள்ளியிலேயே தங்கியிருக்கிறது அல்லது அப்பா காரோடு வாசலில் நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டு தீட்டப்படுகின்றன. பள்ளங்கிப் பிள்ளைக்கு அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம் கிடைக்காதது மட்டுமில்லை. ‘ஆர்வமில்லாதவள்’ என்ற பெயரும் வந்து சேர்கிறது.

சட்டத்தை எடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 நாள், 1,000 மணி நேரக் கற்பித்தலைக் கேட்கிறது. வகுத்தால் நாளுக்கு நாலரை மணி நேரம், கூட மூன்று நிமிடம். ஐந்தாம் வகுப்பு வரை 200 நாள், 800 மணி நேரம். நாளுக்கு நாலே மணி நேரம். எட்டு பீரியட், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம் என்று வைத்தாலே ஐந்து மணி இருபது நிமிடம் வந்துவிடுகிறது. அதாவது, சட்டம் கேட்பதற்கு மேல் ஒரு முழு பீரியட் தினமும் உள்ளேயே கிடக்கிறது. மணியடித்த பிறகு தேடப்போன அந்த நேரம் மணிக்குள்ளேதான் இருக்கிறது.

அதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்பது படித்த எல்லோருக்கும் தெரியும். நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் இருந்தது. பெல் அடித்ததும் ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு எழுவோம். கணக்கு சார் சாக்பீஸோடு உள்ளே வருவார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குப் பாடம் முடிக்க வேண்டும். நூலகம் ஒரு பீரோ, சாவி தலைமையாசிரியரிடம். பத்து வருடத்தில் அந்தப் பீரோ திறந்து நான் பார்த்தது இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும்தான். கலைக்கும் விளையாட்டுக்கும் என்று 2012-இல் அரசு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய் சம்பளம். பின்னால் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கும் ஊருக்குமாக எத்தனையோ முறை அலைந்திருக்கிறார்கள். ஓவிய ஆசிரியரையே அரை ஆளாக வைத்துக்கொண்டு ஓவியத்துக்கு முழு மணி நேரம் எப்படிக் கிடைக்கும்?

நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன, அவற்றை மனதாரச் சொல்ல வேண்டும். 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கிய வானவில் மன்றம், அறிவியல் சோதனைக் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளி தேடி வருகிறது. ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளை, வகுப்பு நேரத்திலேயே, பாட்டிலும் பலூனும் வைத்துக் காற்றழுத்தம் பார்க்கிறது. பஸ்ஸுக்கு ஒரு சேதாரமும் இல்லை. பிள்ளைகளுக்கான தேன்சிட்டு, ஊஞ்சல் இதழ்கள், சிறார் திரைப்படங்கள், கலைத் திருவிழா எல்லாம் ஏறத்தாழ இதே காலத்தில் வந்தவை. பள்ளி நேரத்தையே தொட்ட இடங்களில் கதை வேறு. பக்கத்தில் கேரளம் 2025-இல் உயர்நிலைப் பள்ளிகளுக்கு நாளுக்கு அரை மணி நேரம் கூட்டியபோது, காலையில் மதரசாவுக்குப் போகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி உடனே எழுந்தது. பிரான்ஸில் 2013-இல் பாட நேரத்தை வாரம் முழுக்கப் பரப்பி, பிற்பகலில் கலைக்கும் விளையாட்டுக்கும் இடம் விட்டார்கள். அந்த வகுப்புகளுக்கு ஆளும் பணமும் தேடும் பொறுப்பு உள்ளூராட்சிகளின் தலையில் விழுந்தது. 2017-இல் விருப்பம் உள்ளவர்கள் பழைய நாலு நாள் வாரத்துக்குத் திரும்பலாம் என்றதும் பெரும்பாலான ஊர்கள் திரும்பிவிட்டன.

மாலை ஐந்தரைக்கு வெளிச்சம் சாய்ந்தது. பஸ் சத்தம் கேட்டதும் பாட்டி எழுந்து டார்ச் லைட்டைத் தேடினார். கொடைக்கானலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வருகிறாள். ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற மண்பாதை நூறு அடிகூட இருக்காது. ஆனாலும் காட்டுமாடு பயம். அவளோடு இன்னும் எட்டுப் பத்துப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒவ்வொரு பாதையின் முனையிலும் ஒரு டார்ச் நின்றது. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் இந்த மலைக்கும் வரும் என்று 2024 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டதாம். “டிக்கெட் மிச்சந்தான் தம்பி, இன்னொரு வண்டியும் விட்டா இன்னும் நல்லாருக்கும்” என்றார் பாட்டி.

பேத்தி கைகால் கழுவிவிட்டு வந்து அடுப்பருகே உட்கார்ந்தாள். சீருடையில் சின்ன பேட்ஜ். மகிழ் முற்றம் என்று 2024-இல் கொண்டுவந்தார்களே, ஐந்திணைப் பெயரில் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, அது.

“நீ குறிஞ்சியா?”

“இல்ல சார், நெய்தல்.”

“கடல் பாத்திருக்கியா?”

“இன்னும் இல்ல. எங்க டீச்சர் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்காங்க.” அந்தப் பேட்ஜை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அவளுடைய அம்மா இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தவர். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து, பிள்ளைகள் எழுத்தை மறந்துபோயிருந்த நேரம். 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் தொடங்கிய திட்டம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. “இதோ இந்தத் திண்ணையிலதாண்ணே எடுத்தேன். பதினெட்டுப் பிள்ளைங்க. தோட்டத்துல இருந்து வந்து மேலுக்கு ஊத்திட்டு உட்காந்துருவேன். ஆட்டமும் பாட்டுமா ஒரு மணி நேரம். கூப்பிடவே வேணாம், அதுங்களே பாயைப் போட்டுட்டு உக்காந்திருக்கும்.” பாய் விரித்த இடத்தைக் கையால் காட்டினார். இப்போது அங்கே பூண்டுச் சாக்கு இருந்தது. பிள்ளையை மாலையில் பிடித்து வைக்காமல், வகுப்பு பிள்ளையின் தெருவுக்கே நடந்து வந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பள்ளங்கியில் யாரும் டார்ச் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

சாப்பாடு முடிந்ததும் பேத்தி ஜன்னல் மேடையிலிருந்து எதையோ இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். களிமண்ணில் ஒரு காட்டுமாடு. காய்ந்து ஒரு கொம்பு விரிந்திருந்தது. ஆனால் திமிலிலிருந்து முதுகு இறங்கும் அந்த வளைவு, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி எதிரே இருப்பவரை நிதானிக்கிற அந்த நிலை, காலையில் பஸ்ஸின் முன்னால் நான் பார்த்த அதே மாடு. முழங்காலுக்குக் கீழே மட்டும் சுண்ணாம்பு தடவியிருந்தாள். கலைத் திருவிழாவில் பள்ளி அளவில் ஜெயித்து, வட்டார அளவுக்குத் தேர்வாகியிருக்கிறாள்.

“எப்ப பண்ற இதெல்லாம்?”

“மத்தியானம் சார். ஸ்கூல் விட்டு பிராக்டிஸ்னா பஸ் போயிரும். அதனால டீச்சர் சாப்பாட்டு பெல்லுல வந்து இருக்காங்க. நான் வேகமா சாப்பிட்டு ஓடிருவேன். இருவத்தஞ்சு நிமிஷம் கிடைக்கும்.”

“டீச்சர் சாப்பிட மாட்டாங்களா?”

யோசித்துவிட்டுச் சொன்னாள்: “நான் போனப்புறம் சாப்பிடுவாங்கன்னு நினைக்கிறேன்.”

அந்த இருபத்தைந்து நிமிடம் ஒரு ஆசிரியை தன் சோற்று நேரத்திலிருந்து கொடுப்பது. அதைக் கால அட்டவணையில் ஒரு பீரியடாக எழுதி வைக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை, எந்தப் புதுக் கட்டடமும் வேண்டாம். எட்டில் ஒன்று. அந்த பீரியடை யாரும் கடன் கேட்கக் கூடாது. அதற்கென்று முழுச் சம்பளத்தோடு ஒரு ஓவிய ஆசிரியர். திண்டுக்கல் பள்ளிக்கு இதைக் கடிதமாக எழுதுவது என்று அன்று இரவே முடிவு செய்தேன். கை தூக்கியவன் நான்தானே. அதை இறக்கவும் வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் கூட்டுவதற்குப் பதில், கடைசி மணிக்கு முன்னால் அந்த வகுப்புகளை வையுங்கள், வேனில் போகிற என் மகளும் பஸ்ஸில் போகிற பிள்ளையும் ஒரே பலகையில் சதுரங்கம் ஆடட்டும் என்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே ரோட்டுக்கு வந்துவிட்டோம். மூச்சு விட்டால் புகை. பேத்தி முதுகில் புத்தகப் பை, கையில் ஈரத்துணி சுற்றிய புதுக் களிமண் உருண்டை, ஒரு பூசணிக்காய் அளவுக்கு. மத்தியானத்துக்குள் காய்ந்துவிடக் கூடாது என்று பாட்டி இரண்டு தடவை துணியை நனைத்துச் சுற்றியிருந்தார். பஸ் வந்தபோது உட்கார இடமில்லை. இரண்டு கையும் களிமண்ணில் இருந்ததால் அவளால் கம்பியையும் பிடிக்க முடியவில்லை. முதல் வளைவில் தள்ளாடினாள். “ஏய் தம்பி, எந்திரி, பாப்பா உக்காரட்டும்” என்று கண்டக்டர் முன்சீட்டுப் பையனை எழுப்பினார். அவள் உட்கார்ந்து உருண்டையை மடியில் வைத்துக்கொண்டாள். வில்பட்டி வருவதற்குள் பாவாடை முழங்கால் வரை நனைந்துவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. துணிக்குள் கட்டைவிரலை விட்டு மண் இன்னும் இளகியிருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தாள்.